கரைக்குக் கீழே இருப்பவர்கள்

செஞ்சிக் கோட்டைக்குப் போகிறவர்கள் ராஜகிரியை அண்ணாந்து பார்க்கிறார்கள், பார்க்க வேண்டியதுதான். மலையடியில் இருக்கும் செட்டிகுளத்தையும் சக்கரகுளத்தையும் நின்று பார்க்கிறவர்கள் குறைவு. தேசிங்கு ராஜன் கதை தெரிந்தவர்கள் மட்டும், 1714-ல் மாண்ட அவனுடைய உடலை எரித்தது இந்தக் குளக்கரையில்தான் என்று கேள்விப்பட்டு, ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் போகிறார்கள். எனக்கு அந்தக் குளங்களிடம் பிடித்த விஷயம் வேறு. பாறைக் காட்டில் விழுகிற மழையை ஓடிவிடாமல் பிடித்து வைத்தவர்களும், அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களும், கரை உடைந்தால் அவஸ்தைப்பட வேண்டியவர்களும் ஒரே மதிலுக்குள் வாழ்ந்தார்கள். குளத்தைப் பற்றிக் கவலைப்படு என்று அவர்களுக்கு யாரும் உபதேசம் செய்ய வேண்டியிருந்திருக்காது.

தண்ணீரைத் தேக்குவது, யோசித்துப் பார்த்தால், சாமானியமான காரியமல்ல. ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. பத்து ஏக்கர் பரப்பில் இரண்டு மீட்டர் ஆழத்துக்கு நீர் நின்றால் எண்பதாயிரம் டன். அவ்வளவையும் ஒரு மண்கரை தாங்கிக்கொண்டு நிற்கிறது. மேலே இருப்பவருக்கு அது அழகான நீர்ப்பரப்பு. மாலைக் காற்று, நாரை, படகு. கீழே இருப்பவருக்கு இவை எதுவும் தெரியாது. கரையின் புல் முளைத்த முதுகு மட்டுந்தான் தெரியும்.

சென்னையில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் செஞ்சிக்குப் பக்கத்தில், இரண்டு கரடுகளுக்கு நடுவே நிலம் வாங்கியிருக்கிறார். மழை நாளில் அதன் நடுவே ஒரு ஓடை ஓடும். அதை மறித்து ஒரு பதினைந்தடிக் கரை போட்டு, மீன் விட்டு, இரண்டு படகு வாங்கிப் போட வேண்டும் என்பது அவருடைய ஆசை. சனி ஞாயிறுகளில் சிநேகிதர்கள் குடும்பத்தோடு வருவார்கள். நாளடைவில் கட்டணம் வாங்கிக்கொண்டு மற்றவர்களையும் விடலாம்.

“ஏன் சார், என் நிலம், என் காசு, என் தலையில் பெய்கிற மழை. இதில் மற்றவனுக்கு என்ன வந்தது?” என்று கேட்டார்.

ஓடை புறம்போக்காக இருந்தால் அதில் கைவைக்க அவருக்குப் பாத்தியதை கிடையாது. அது தனி விவகாரம். எல்லாம் பட்டாவுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 2021-ல் வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம் பதினைந்து மீட்டருக்கு மேற்பட்ட அணைகளையும், பத்து மீட்டருக்கு மேல் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவற்றையுந்தான் கவனிக்கிறது. நண்பருடைய கரை ஐந்து மீட்டர்கூட இல்லை. ஆகவே அந்தச் சட்டம் அவரை ஒன்றும் கேட்காது. கேட்க வேண்டியது வேறு யாரோ.

இந்தக் கேள்வி புதிதல்ல. இங்கிலாந்தில் லங்காஷயரில் ரைலண்ட்ஸ் என்ற ஆலை முதலாளி தம் நிலத்தில் ஒரு நீர்த்தேக்கம் கட்டினார். கட்டியவர்கள் தொழில் தெரிந்தவர்கள். அவர் மீது அஜாக்கிரதை என்று சொல்வதற்கில்லை. ஆனாலும் தண்ணீர் பழைய சுரங்கக் குழிகள் வழியாக இறங்கி, பக்கத்திலிருந்த பிளெச்சர் என்பவருடைய சுரங்கத்தை மூழ்கடித்துவிட்டது. 1868-ல் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொல்லிற்று: தப்பினால் கேடு விளைவிக்கக்கூடிய ஒன்றை உன் காரியத்துக்காக உன் நிலத்தில் கொண்டுவந்து குவித்தால், அது தப்பியதற்கு நீயே பொறுப்பு, ஜாக்கிரதையாக இருந்தேன் என்பது பதிலாகாது.

ஆறு வருஷம் கழித்து இதே வாதம் நம் பக்கத்துக்கு வந்தது. இன்று ஆந்திரத்தில் இருக்கும் கார்வேட்டிநகரம் அப்போது வட ஆற்காட்டைச் சேர்ந்த ஜமீன். பெருமழையில் ஜமீன் ஏரிகள் உடைந்து, மதராஸ் ரயில்வே கம்பெனியின் பாதைக்குச் சேதம் விளைந்தது. கம்பெனி ரைலண்ட்ஸ் தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு லண்டனில் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. 1874-ல் கம்பெனி தோற்றது. ஜமீன்தார் தம் சொந்த லாபத்துக்காக இந்தத் தண்ணீரைக் கொண்டுவந்து வைக்கவில்லை. ஏரிகள் ஆதிகாலந்தொட்டு இருப்பவை, குடியானவர்களின் பிழைப்பு அவற்றில் இருக்கிறது, வேண்டாம் என்று அவற்றைத் தூர்த்துவிட ஜமீன்தாருக்கே அதிகாரமில்லை. அஜாக்கிரதை இருந்தாலொழிய அவர் மீது குற்றமில்லை என்றார்கள்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சட்டம் ஏதோ ஒரு தர்ம சூட்சுமத்தைத் தொட்டிருப்பது தெரிகிறது. ஊர் சோற்றுக்காகத் தேக்கிய நீருக்கு ஒரு நியாயம். ஒருவர் தமக்காகத் தேக்கிய நீருக்கு வேறு நியாயம். நெல்லுக்கு நின்றால் நல்ல தண்ணீர், படகுக்கு நின்றால் கெட்ட தண்ணீரா என்று நீங்கள் கேட்கலாம். தண்ணீருக்கு அந்த வித்தியாசம் தெரியாதுதான். ஆனால் கரைக்குத் தெரியும் என்பது என் கட்சி.

ஏரிக்கரையை இவ்வளவு காலம் காப்பாற்றியது மண்ணோ கல்லோ மட்டுமல்ல, கரைமேல் நின்ற ஆள். மதுராந்தகத்தில் கலெக்டர் பிளேஸ் துரை மழை இரவில் ஏரியைப் பார்க்கப் போனபோது ராமரும் லட்சுமணரும் காவல் நிற்கக் கண்டார் என்பது ஊரறிந்த ஐதிகம். ராமரை விட்டுவிட்டாலும், அந்தக் கொட்டும் மழையில் ஒரு ஜில்லா அதிகாரி கரைக்குப் போனாரே, எனக்கு அதுவே போதும். தினப்படி அந்த வேலையைச் செய்தவன் நீர்க்கட்டி. பெரும்பாலும் சொந்த நிலமில்லாதவன். ஊரின் கடைசித் தெருவில் அல்லது ஊருக்கு வெளியே இருந்தவன். அவனுக்கு ஊர் செய்த மரியாதையைப் பற்றிப் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் அவன் கூலி களத்து மேட்டில் நெல்லாக அளக்கப்பட்டது. ஏரி உடைந்தால் நெல் இல்லை. ஆகவே நண்டு வளையை அடைப்பதிலும் கரைக் கசிவைப் பார்ப்பதிலும் அவன் கண்ணில் தூக்கம் இருக்காது.

கலிங்கின் மேல் குத்துக்கற்கள் நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மழைக்காலம் முடிகிற தறுவாயில் அவற்றின் நடுவே மண்ணும் வைக்கோலும் வைத்து அடைத்து இன்னும் ஓரடித் தண்ணீர் பிடிப்பார்கள். திடீரென்று வெள்ளம் வந்தால் அந்த அடைப்பைப் பிய்த்தெறிய வேண்டும். கொஞ்சம் பேராசையும் அதற்குக் காவலும் ஒரே ஊரில் இருந்தபடியால் ஏதோ நடந்துவந்தது.

உல்லாசத் தண்ணீரில் இந்தக் காவல் இல்லை. அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் நடந்ததைப் பாருங்கள். கால்வாய்ப் படகுகளுக்காக மாகாண சர்க்கார் கட்டிய சவுத் ஃபோர்க் அணை, கால்வாய் செத்த பிறகு கைமாறிக் கைமாறி, 1879-ல் ஒரு மீன்பிடி வேட்டைக் கிளப்புக்கு வந்துசேர்ந்தது. கார்னெகி, ஃபிரிக், மெல்லன் முதலிய கோடீசுவரர்கள் அங்கத்தினர்கள். அடி மதகின் இரும்புக் குழாய்களை முந்திய சொந்தக்காரர் பிடுங்கிப் பழைய இரும்புக்கு விற்றிருந்தார். கிளப் திரும்பப் போடவில்லை. வண்டிகள் தாராளமாகப் போகும்படி அணையின் தலையைச் சற்று மழித்தார்கள். விலை கொடுத்து விட்ட மீன்கள் ஓடிவிடாதபடி கலிங்கில் கம்பித் தட்டி வைத்தார்கள். பதினான்கு மைல் கீழே ஜான்ஸ்டவுன் என்ற இரும்பாலை ஊர். அங்கிருந்த ஆலைத் தலைவர் மாரெல் 1880-லேயே தம் ஆளை அனுப்பிப் பார்க்கச் சொல்லி, குறைகளை எழுதி எச்சரித்தார். உங்களுக்கு ஓர் அபாயமும் இல்லை என்று கிளப்பிலிருந்து பதில் வந்தது.

1889 மே 31. விடிய விடிய மழை. குப்பை வந்து தட்டியில் அடைத்துக்கொண்டது. கடைசி நேரத்தில் ஆட்களை விட்டு மண் வெட்டினார்கள், தட்டியைப் பிடுங்கப் பார்த்தார்கள். பிற்பகல் மூன்று மணி சுமாருக்கு அணை போயிற்று. ஒரு மணி நேரத்தில் ஊர் போயிற்று. இறந்தவர்கள் 2209 பேர். வழக்குகள் நடந்தன, கிளப் ஒரு காசு நஷ்டஈடு கொடுக்க நேரவில்லை. அது தெய்வச் செயலாம். கார்னெகி பிற்பாடு அந்த ஊருக்குப் புத்தகசாலை கட்டிக் கொடுத்தார். நல்ல கட்டடம் என்கிறார்கள்.

அந்தக் கம்பித் தட்டியை நினைக்கும்போது எனக்கு நம்மூர் மீன் குத்தகைக்காரர்கள் கலிங்கில் கட்டுகிற வலையும் மூங்கில் படலும் நினைவுக்கு வருகின்றன. குத்தகைக்காரருக்கு ஏரி என்பது மீன். வெள்ளத்தோடு போகிற ஒவ்வொரு கெண்டையும் அவர் பணம். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கரைக்குக் கீழே அவருக்கு ஒரு கழனிகூட இல்லை, அவ்வளவுதான்.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். “இந்த வறண்ட சீமையில் அப்படி என்ன மழை கொட்டிவிடப் போகிறது?” என்றார். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது, செஞ்சிக்குத் தென்கிழக்கே இருக்கும் மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. அது தெரியுமா என்றேன். பேசாமல் வரைபடத்தை விரித்தார். கரை இருந்தது, படகுத்துறை இருந்தது, வாழைத் தோட்டம் இருந்தது. ஓடை அவர் வேலியைத் தாண்டிப் போகிற இடத்தில் கோடு நின்றுவிட்டது. அதற்கப்பால் இருக்கும் ஏழெட்டுக் குடிசைகள் அவர் நிலத்தில் இல்லையாகையால் படத்தில் இல்லை.

கலிங்கை இரண்டு பங்கு அகலமாகக் கட்ட வேண்டும், தட்டி வைக்கக் கூடாது, கரையில் மரம் நடக் கூடாது, அடி மதகு ஒன்று வேண்டும் என்று சொன்னவற்றுக்கெல்லாம் தலையாட்டினார். மதகுச் சாவி ஒன்று குடிசைக்காரர்களிடம் இருக்க வேண்டும், எந்த நேரமானாலும் யாரையும் கேட்காமல் திறந்துவிட அவர்களுக்குப் பாத்தியதை வேண்டும் என்றபோது மட்டும் முகம் மாறிவிட்டது.

“பொழுது போகாமல் திறந்து விட்டுவிடுவார்களே சார்!”

“விட்டால் உங்களுக்குப் போகிறது மீன்தானே?” என்றேன்.

எஞ்சினீயரைக் கலந்து சொல்கிறேன் என்றார். கலிங்குக்குக் கல் வந்து இறங்கிவிட்டது. சாவி விஷயத்துக்கு இன்னும் பதில் இல்லை.