யார் சொன்னால் அறிவு?

எவர் வாயிலிருந்து வந்தாலும் சொல்லின் மெய்மையை ஆராய்ந்து காண்பதே அறிவு என்றார் வள்ளுவர். உயர்ந்த நெறிதான். ஆயின், சமுதாயம் ஆள்வோராகவும் ஆளப்படுவோராகவும் பிளவுண்டிருக்கையில் அந்நெறி எங்ஙனம் நடைமுறைக்கு வரும்? சிலருடைய வாய்மொழி ஆராயப்படுவதற்கு முன்னரே தள்ளுபடியாகிவிடுகின்றதே! 1721ஆம் ஆண்டில் பொஸ்டனிலும் இலண்டனிலும் நிகழ்ந்தவை இதற்குத் தக்க சான்றாகும்.

அவ்வாண்டு, பிரித்தானியரின் அமெரிக்கக் குடியேற்ற நகரான பொஸ்டனில் பெரியம்மை பரவிற்று. அதைத் தடுக்கும் வழியொன்று அந்நகரின் மதகுரு கொட்டன் மேதருக்குத் தெரிந்திருந்தது. அவர் வீட்டில் அடிமையாயிருந்த ஒனெசிமஸ் என்ற ஆபிரிக்கர் சில ஆண்டுகளுக்கு முன்னரே அதனைக் கூறியிருந்தார். அம்மைக் கொப்புளத்தின் நீரைச் சிறிதளவு எடுத்து, நலமுள்ளவரின் தோலைக் கீறி ஏற்றினால் நோய் இலேசாக வந்து நீங்கும், பின்னர் அணுகாது. நகரிலிருந்த வேறு ஆபிரிக்கரும் இதனையே கூறினர்.

மேதர் இதை வெளியிட்டபோது மருத்துவர் வில்லியம் டக்ளஸ் சீறி எழுந்தார். நோயை வேண்டுமென்றே ஏற்றினால் அது பிறருக்கும் பரவாதா என்ற ஐயம் நியாயமானது. ஆனால் அவர் அத்துடன் நின்றாரில்லை; ஆபிரிக்கரைப் போலப் பொய்யர் உலகில் இல்லை என்றும் எழுதினார். முன்னது முறையைப் பற்றிய ஐயம். பின்னது மனிதரைப் பற்றிய தீர்ப்பு. விஞ்ஞானத்தின் போர்வையில் இனவெறி புகுவது இவ்வாறே.

மேதரின் வேண்டுகோளை ஏற்ற மருத்துவர் சப்டியேல் பொயில்ஸ்டன், முதன்முதலில் தம் மகனுக்கும், தம் அடிமை ஒருவருக்கும், அவ்வடிமையின் குழந்தைக்கும் அம்மை குத்தினார். அடிமையின் சொல்லை நம்ப மறுத்த நகரம் அது. ஆயினும் அச்சொல்லைச் சோதிக்க அடிமையின் உடல் தேவைப்பட்டது! இறுதியில், இயல்பாக நோய் கண்ட ஏறத்தாழ 5,900 பேரில் 844 பேர் மாண்டனர். குத்திக்கொண்ட ஏறத்தாழ 240 பேரில் இறந்தோர் 6 பேர். முன்னதில் ஏழு பேருக்கு ஒருவர்; பின்னதில் நாற்பது பேருக்கு ஒருவர்.

இலண்டனில் இதே முறைக்காக வாதாடியவர் மேரி வோர்ட்லி மொன்டேகு சீமாட்டி. துருக்கிக்குத் தூதுவராகச் சென்றவரின் மனைவி. அங்கே முதிய பெண்கள் அம்மை குத்துவதை 1717இல் கடிதமொன்றில் விவரித்தார். 1718இல் கிரேக்க மூதாட்டி ஒருவரைக் கொண்டு தம் மகனுக்கும் குத்துவித்தார். 1721இல் இலண்டனில் மகளுக்கும் அவ்வாறே செய்வித்தார். எழுத்தறிவற்ற மக்களிடையே அறியாப் பெண்கள் சிலர் செய்துவந்த வழக்கம் அரண்மனை வரை வந்துவிட்டதே என்று வில்லியம் வாக்ஸ்டாஃப் என்ற மருத்துவர் 1722இல் எள்ளி எழுதினார். அதே ஆண்டு, இம்முறை பற்றிப் பத்திரிகையில் எழுத நேர்ந்தபோது சீமாட்டி தம் பெயரை மறைத்துத் துருக்கி வணிகர் ஒருவரின் வேடம் பூண்டார். பிரபு குலத்துப் பெண்ணுக்கே இந்நிலை என்றால், அந்தக் கிரேக்க மூதாட்டியின் சொல் எந்தச் சபையேறும்? அவர் பெயரைக்கூட வரலாறு குறித்துவைக்கவில்லை.

இவற்றில் அநீதி இரு கட்டங்களாக நிகழ்ந்தது. முதலில், சொன்னவர் பொருட்டுச் சொல் மறுக்கப்பட்டது. பின்னர், சொல் பலன் தந்ததும் சொன்னவர் மறக்கப்பட்டார். முந்தியதால் உயிர்கள் போயின. பிந்தியதால் அறிவென்பது வெள்ளை ஆண்களின் பிதுரார்ச்சிதம் என்ற பொய் பாடநூல்களில் நிலைத்தது. உழைப்பைச் சுரண்டிய சமுதாயம் உழைப்பவரின் அறிவையும் சுரண்டியது. ஒன்று மற்றதன் தொடர்ச்சியே.

ஒடுக்கப்பட்டோர் கூறுவதெல்லாம் உண்மையென்று கண்மூடி ஏற்க வேண்டும் என்பதன்று நம் வாதம். ஒனெசிமஸ் கூறியதும் சோதனையாலும் எண்ணிக்கையாலுமே நிலைநாட்டப்பட்டது. சோதிக்கப்படும் உரிமை எல்லோர் சொல்லுக்கும் வேண்டும் என்பதே நம் கோரிக்கை. வள்ளுவர் நெறியும் அப்பொழுதே முழுமை பெறும். ஆராயும் கடமை கேட்போனுடையது; ஆனால் பேசுவோனுக்குச் சபையில் இடமில்லையெனில் ஆராய எதுவும் வந்து சேராது. பாடம் புகட்டும் ஆசிரியரும் பயிலும் மாணவரும் ஓர் உண்மையைக் கற்கையில், அது யாருடைய கைகளைக் கடந்து நம்மிடம் வந்தது என்றும் வினவுதல் வேண்டும். அவ்வினா வரலாற்றுக்குச் செய்யும் உபகாரமன்று. அறிவுக்கு நாம் செலுத்த வேண்டிய கடன்.