துவைத்த நீரும் மனச்சாட்சியும்

காசு கொடுத்து வாங்கிய பொருளை நம் விருப்பம்போல் செலவிட நமக்கு உரிமை உண்டு என்று பலரும் சொல்வார்கள். துணிமணிக்கும் தட்டுமுட்டுச் சாமான்களுக்கும் இது ஓரளவு பொருந்தலாம். தண்ணீருக்கும் பொருந்துமா? குடிநீர் வரியைத் தவணை தவறாமல் கட்டிவிட்ட ஒரு குடும்பம், "இந்த நீர் முழுவதும் எங்களுடையது, எப்படிக் கொட்டினாலும் கேட்பார் யார்?" என்று சொல்லலாமா? பெரியோரும் பிள்ளைகளும் கூடியிருந்து யோசிக்கத்தக்க கேள்வி இது.

இதை ஆராய, பாலைவனத்தின் நடுவே அமைந்த ஒரு நகரத்தைப் பார்ப்போம். அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் டூசான் என்னும் நகரம் இருக்கிறது. ஆண்டு முழுவதும் அங்கே பெய்யும் மழை சுமார் 11 அங்குலந்தான். நகருக்குத் தெற்கே, 1797-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட புனித சவேரியார் ஆலயம் இன்றும் வெண்ணிறமாய் நிற்கிறது. அதன் அருகே செல்லும் சாந்தா குரூஸ் ஆற்றில் ஒரு காலத்தில் கோடையிலும் நீர் இருந்தது. அந்த நீரைக்கொண்டு டோஹோனோ ஓஓதம் என்னும் பூர்வகுடி மக்கள் பயிர் செய்து வந்தார்கள். நகரமும் பண்ணைகளும் சுரங்கங்களும் ஆழ்கிணறு தோண்டி நிலத்தடி நீரை இடைவிடாது இறைக்கவே, 20-ஆம் நூற்றாண்டில் அந்த ஆறு வறண்டு போயிற்று.

இங்கே சற்று நின்று கவனிப்போம். இறைத்தவர் ஒவ்வொருவரும் தத்தம் கிணற்றிலிருந்தே இறைத்தார்கள். பிறர் பொருளை எடுக்கிறோம் என்று அவர்களுள் பெரும்பாலோர் எண்ணியிருக்க மாட்டார்கள். ஆயினும் அயலாருடைய ஆறு போய்விட்டது. 1975-இல் வழக்குத் தொடுக்கப்பட்டு, 1982-இல் அமெரிக்கக் காங்கிரஸ் தனிச் சட்டம் இயற்றிய பிறகே அம்மக்களுக்கென நீர்ப் பங்கு ஒதுக்கப்பட்டது. கண்ணுக்குத் தெரியாமல் அடியில் எல்லாம் ஒன்றாய் இணைந்திருக்கும் பொருளில், "என்னுடையது" என்ற சொல் அவ்வளவு எளிதாகப் பொருந்துவதில்லை.

இன்று டூசான் நகரம் பெரும்பாலும் கொலராடோ ஆற்று நீரை நம்பியிருக்கிறது. 336 மைல் நீளமுள்ள கால்வாய் வழியாக, சுமார் 2,900 அடி உயரம் மின்சாரத்தால் ஏற்றப்பட்டு அந்நீர் வருகிறது. அந்த ஆறும் மெலிந்துவிட்டது; 2021 ஆகஸ்டில் அமெரிக்க அரசு முதன்முறையாக அதில் பற்றாக்குறை அறிவித்தது. ஆகவே, அங்கே குடும்பத்தார் கட்டும் பணம் பெரும்பாலும் நீரை இறைத்துச் சுத்தம் செய்து கொண்டு வந்த கூலியேயன்றி ஆற்றின் விலையன்று. ஆற்றுக்கு யார் விலை கொடுக்க முடியும்?

இதை உணர்ந்த பல குடும்பங்கள் அங்கே ஒரு வழி கண்டன. குளித்த நீரையும் துணி துவைத்த நீரையும் சாக்கடையில் விடாமல், தனிக் குழாய் வழியாக மரத்தடிப் பாத்திக்குத் திருப்புகிறார்கள். இதைச் சாம்பல் நீர் என்பர். நாள் ஒன்றுக்கு 400 கேலனுக்குக் குறைவாக, அதாவது சுமார் 1,500 லிட்டருக்குள், தனி அனுமதி கேளாமலே வீட்டார் இதைப் பயன்படுத்தலாம் என்று 2001-இல் மாநில அரசு விதி செய்தது. புதிய வீடுகளில் இதற்கான குழாய் வசதி 2010 ஜூன் முதல் இருக்க வேண்டும் என்று 2008-இல் நகர சபை தீர்மானித்தது.

அந்த விதிகளிலும் அயலார்மீது அக்கறை இருக்கிறது. சமையலறைத் தொட்டி நீரும் கழிப்பறை நீரும் சாம்பல் நீரில் சேரக்கூடாது. குழந்தைகளின் மலத்துணி அலசிய நீரைக் கிருமி நீக்காமல் விடக்கூடாது. நீர் தேங்கக்கூடாது, தெளிக்கக்கூடாது, நம் மனையின் எல்லையைத் தாண்டக்கூடாது. சிக்கனம் என்ற பெயரால் அடுத்த வீட்டுக்குக் கொசுவையும் நோயையும் அனுப்புவது புண்ணியமாகாது.

இனி ஒரு தடையைப் பார்ப்போம். "சாக்கடைக்குப் போகும் நீரையும் அந்த நகரம் வீணாக்குவதில்லையே! 1984 முதல் அதைச் சுத்திகரித்துப் பூங்காக்களுக்குப் பாய்ச்சுகிறது. 2019 முதல் வறண்ட சாந்தா குரூஸ் ஆற்றிலும் ஒரு பகுதியை விடுகிறது. அப்படியிருக்க, வீட்டு மரத்துக்கு அதைத் திருப்புவதால் என்ன இலாபம்?" என்று கேட்கலாம். இது நியாயமான கேள்வி. இதற்கு மழுப்பாமல் விடை சொல்ல வேண்டும்.

முன்பு நல்ல நீரை ஊற்றி வளர்த்த மரத்துக்கு இப்போது துவைத்த நீரைப் பாய்ச்சி, நல்ல நீர்க் குழாயை மூடிவிட்டால், ஆற்றிலிருந்து நாம் எடுப்பது உண்மையாகவே குறைகிறது. அதைவிட்டு, "நீர்தான் மறுபடி பயன்படுகிறதே" என்ற துணிவில் அதிக நேரம் குளித்து, புதிதாய்ப் பத்து மரங்களும் வைத்தால், எடுப்பது குறையவில்லை. ஊர்ப் பூங்காவுக்கும் ஆற்றுக்கும் போயிருக்க வேண்டிய நீரை நம் வேலிக்குள் நிறுத்திக்கொண்டோம் என்பதே கணக்கு. வெளித்தோற்றத்துக்கு இரண்டும் ஒரே குழாய், ஒரே பாத்தி. முதலாவது நீதி, இரண்டாவது, நற்செயலின் உடை அணிந்த ஆசை.

எனவே மறுபயனுக்கு முன்னே மட்டுமிதம் வர வேண்டும். பழைய மாதிரிச் சலவை இயந்திரம் ஒரு முறைக்குச் சுமார் 40 கேலன் நீர் கேட்கும். முன்பக்கம் திறக்கும் புது மாதிரிக்கு அதில் பாதி போதும். புது இயந்திரம் வைத்த வீட்டில் மரத்துக்குப் போகும் நீர் குறையலாம். ஆயினும் அந்த வீடே அயலாருக்கு அதிக நன்மை செய்கிறது. டூசான் நகரில் மக்கள் தொகை பெருகியும், மொத்த நீர்ச் செலவு 1980-களின் நடுவில் இருந்த அளவைத் தாண்டவில்லை. பல்லாயிரம் வீடுகளில் குழாயைச் சற்று முன்னதாக மூடிய கைகளுக்கும் இதில் பங்குண்டு.

நம் இல்லங்களிலும் அரிசி களைந்த நீரைச் செடிக்கு ஊற்றும் நல்ல பழக்கம் உண்டு. அதைக் கைவிட வேண்டாம். அதோடு, மாதக் கடைசியில் வரவு செலவு பார்க்கும்போது, "சென்ற மாதத்தைவிட எத்தனை குடம் குறைவாக எடுத்தோம்?" என்று பெற்றோர் பிள்ளைகளோடு சேர்ந்து கேட்டுப் பார்க்கட்டும். எடுக்காமல் விட்ட குடம் யாருக்குப் போய்ச் சேரும் என்பது நமக்குத் தெரியாது. தெரியாத ஒருவருக்காக விட்டுக்கொடுப்பதும் அயலாருக்கு நாம் செலுத்தவேண்டிய கடனே.