ஒரே கத்தரி எல்லாச் செடிக்கும் ஆகாது



நம் வீட்டு முற்றங்களில் மீண்டும் மீண்டும் பூக்கும் ரோஜாக்களையே பெரும்பாலும் காண்கிறோம். ஐரோப்பியத் தோட்டங்களிலோ பழைய குலம் ஒன்றும் உண்டு. பிரான்சு தேசத்து லியோன் நகரில் கிய்யோ என்பவர் 1867-ல் 'லா பிரான்ஸ்' என்னும் ரோஜாவை உண்டாக்கினார். அதற்கு முன்பிருந்த வகைகளையே பழைய ரோஜாக்கள் என்கிறார்கள். அவற்றுள் காலிக்கா, ஆல்பா, சென்டிபோலியா என்பவை புதராய் வளர்ந்து, வருஷத்தில் ஒரே தடவை, கோடைத் தொடக்கத்தில் சில வாரங்கள் பூக்கும். மற்ற மாதங்களில் பூவைத் தேடிப் பயனில்லை.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. புது ரோஜா இவ்வருஷம் துளிர்க்கும் கிளையில் பூக்கும். ஆகையால் குளிர்காலம் முடியும் தறுவாயில் அதைக் குறுக வெட்டுவார்கள். மேற்சொன்ன பழைய ரோஜாக்களோ சென்ற வருஷத்துக் கிளையில் பூப்பவை. அவற்றையும் அதே நாளில் அப்படியே வெட்டினால் செடி சாகாது, இலையும் செழிக்கும், ஆனால் அவ்வருஷத்துப் பூ போயிற்று. விவரமறிந்த தோட்டக்காரன் பட்ட கிளையை மாத்திரம் அப்போது நீக்குவான். மற்ற வெட்டெல்லாம் பூ முடிந்த பிறகே.

பெற்றோர்களே, மூத்தவன் சீக்கிரம் படிக்கிறான். இளையவள் மெல்லப் படிக்கிறாள். பரீட்சை மார்க்கு வந்த அன்று, விருந்தாளி முன்னிலையில், "அண்ணனைப் பார், உன்னைப் பார்" என்கிறீர்கள். பிள்ளை கீழ்ப்படியும், வளரும். ஆனால் உங்களிடம் மனந்திறந்து பேசாது. அந்தப் பூவை வெட்டியது யார்?

கண்டிக்கவே வேண்டாம் என்றா சொல்கிறேன்? இல்லை. பொய்யும் களவும் பட்ட கிளைகள், எந்நாளும் நீக்கத்தக்கவை. மெல்லப் படிப்பது பாவமல்ல. அர்ச். அருளப்பர் சுவிசேஷம் 15-ம் அதிகாரத்தில் சேசுநாதர் தம் பிதாவைத் தோட்டக்காரருக்கு ஒப்பிடுகிறார். அந்தப் பிதா கனி தரும் கிளையையும் நறுக்குகிறார். அது அதிகக் கனி தருவதற்காகவே அன்றி, தம் கோபம் தீர்வதற்காக அல்ல. நம்மை எத்தனை வருஷம் பொறுத்திருக்கிறார்!

ஜெபமாலையின் இலத்தீன் பெயராகிய 'ரொசாரியும்' என்பதற்கு ரோஜாத் தோட்டம் என்று பொருள். இவ்வாரம் இரவு ஜெபமாலை முடிந்ததும், ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் தேவமாதாவிடம் சொல்லுங்கள். கண்டிக்க வேண்டியது இருந்தால், மறுநாள் காலையில் தனியே அழைத்துச் சொல்லுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் பூக்கும் காலத்தை அறிந்த சர்வேசுரன் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.