புதியவனுக்கும் பரிசு உண்டா?

நாய்களுக்கும் அழகுப் போட்டி உண்டா என்று வியப்போர் நம்மிடையே உளர். லாயாங் லாயாங் வட்டாரத் தோட்டங்களில் நாய் என்றால் அது காவலுக்கு உரியது. இருள் பிரியுமுன் பால்மரம் சீவப் புறப்பட்ட தொழிலாளியின் பின்னே ஓடிய துணை. அதற்குக் குலவரிசைச் சான்றிதழும் இல்லை, வெள்ளிக் கோப்பையும் இல்லை. ஆயினும், நாய்க் கண்காட்சி என்பது நூற்றாண்டைக் கடந்த வழக்கமாகும். சார்லஸ் கிரஃப்ட் என்பார் இலண்டனில் 1891ஆம் ஆண்டு தம் பெயரால் தொடங்கிய கண்காட்சி இன்று பர்மிங்ஹாமில் நடைபெறுகிறது. நம் நாட்டிலும் மலேசியக் கென்னல் சங்கம் இத்தகைய கண்காட்சிகளை நடத்தி வருகிறது.

இக்கண்காட்சிகளைச் சுற்றி எழும் முணுமுணுப்பு ஒன்று உண்டு. நடுவர் நாயைப் பார்ப்பதில்லை, கயிற்றைப் பிடித்திருப்பவரின் முகத்தைப் பார்க்கிறார். புதிதாக வருபவனுக்குப் பரிசு எட்டாக்கனியே என்பது அது. பேச்சுப் போட்டிக்கு மாணவரை அழைத்துச் சென்ற ஆசிரியர் எவருக்கும் இக்குரல் புதிதன்று. நாயின் பெயரால் எழுந்தாலும் வினா மனிதரைப் பற்றியது. ஆகவே அதனை ஆராய்வது தகும்.

ஒவ்வோர் இனத்திற்கும் எழுதி வைத்த இலக்கணம் உண்டு. நடுவர் பல்வரிசையைப் பார்க்கிறார், தோளைத் தடவிப் பார்க்கிறார், ஓட்டத்தைக் கவனிக்கிறார். பக்கத்தில் நிற்கும் நாயோடு ஒப்பிடுமுன் இலக்கணத்தோடு ஒப்பிட வேண்டும் என்பது முறை. இலக்கணம் தாளில் இருப்பினும் அதனைப் பொருத்திப் பார்ப்பது மனிதக் கண்ணே. தோளின் சாய்வு போதுமா, போதாதா என்பதில் நேர்மையாளர் இருவர் மாறுபடலாம்.

புதியவரின் தோல்வி யாவும் அநீதி அன்று. நிற்கப் பழகாத நாய், ஓடும்போது பக்கவாட்டில் இழுக்கும் நாய், தன் நல்ல தோளை நடுவருக்குக் காட்டாமலே வெளியேறுகிறது. காட்டப்படாததை அவர் எங்ஙனம் மதிப்பிடுவார்? கையூட்டும் நட்பும் நுழைந்த இடத்திலோ ஆராய ஒன்றுமில்லை. அது குற்றம், அவ்வளவே.

கடினமான நிலை வேறு. ஏறத்தாழ ஒத்த தரமுள்ள இரு நாய்கள் நிற்கின்றன. ஒன்று முன்பு மும்முறை வென்றது. நடுவர் அதனை அறிவார். 'மூவர் கண்ட சிறப்பு இதில் இருக்கத்தானே வேண்டும்' என எண்ணி அதற்கே பரிசளிக்கிறார். இவ்வெண்ணம் தருக்கத்திற்கு மாறானது அன்று. பழைய வெற்றியும் ஒருவகைச் சான்றுதான். எனினும் புதியவனுக்கு இங்கே தீங்கு நேர்ந்துவிட்டது. இன்று இவ்வளையத்தில் எது சிறந்தது என்பதே அவரிடம் கேட்கப்பட்ட வினா. அதற்கு அவர் நேற்றைய விடையைத் தந்தார். இங்கிலாந்தில் ஒரு நாய் சாம்பியன் பட்டம் பெற மூன்று வெவ்வேறு நடுவரிடம் சான்று பெற வேண்டும். பின்னவர் இருவரும் முன்னவரையே நம்பித் தீர்ப்பளித்தால், அம்மூன்றும் ஒரு தீர்ப்பும் அதன் இரண்டு எதிரொலிகளுமே அன்றோ? நம் நாட்டின் 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம், குற்றவியல் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவரின் பழைய தீய நடத்தையைப் பொதுவாகச் சான்றாக ஏற்பதில்லை. பழைய செய்தி பொய் என்பதற்காக அன்று; அது இன்றைய வினாவை மறைத்துவிடும் என்பதற்காகவே.

நடுவு நிலைமைக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர் துலாக்கோலை உவமையாகக் காட்டினார். துலாக்கோலுக்கு நினைவாற்றல் இல்லை. நேற்று எதனை நிறுத்தோம் என்பதை அது அறியாது. மனிதனோ பல்லாண்டு பார்த்துப் பழகியதனாலேயே நடுவராகும் தகுதி பெறுகிறான். தகுதி தந்த அதே நினைவு அவன் கண்ணையும் மறைக்கிறது. 2012ஆம் ஆண்டு கிரஃப்ட்ஸ் கண்காட்சியில், குறிப்பிட்ட பதினைந்து இனங்களில் முதலிடம் பெறும் நாய்களைத் தனியே ஒரு கால்நடை மருத்துவர் சோதிக்கும் விதி வந்தது. பீக்கிங்கீஸ், புல்டாக் உட்பட ஆறு இனங்களின் வெற்றி நாய்கள் அச்சோதனையில் தேறாமல் அடுத்த சுற்றை இழந்தன. நடுவர்கள் பொய்யுரைத்தார்கள் என்று எவரும் சொல்ல வேண்டியதில்லை. பாராட்டிப் பாராட்டிப் பழகிய கண்ணுக்குத் தெரியாத நலக்குறை, புதுக் கண்ணுக்குத் தெரிந்தது.

ஆதலின் நடுவரின் நற்பண்பை மட்டும் நம்பியிருத்தல் போதாது. முறையும் துணை நிற்க வேண்டும். நாயைக் கொணர்பவர் கையில் பெயருக்குப் பதில் எண்ணைக் கட்டுவது நல்ல முறை. ஆனால் முகத்தை எண் மறைப்பதில்லை. வட ஐரோப்பிய நாடுகளின் வழக்கமே என் மனத்திற்கு உகந்தது. சுவீடன், பின்லாந்து முதலிய நாடுகளில் வரிசைப்படுத்துமுன் ஒவ்வொரு நாயையும் தனித்தனியே ஆராய்ந்து, அதன் நிறைகுறைகளை எழுதித் தரம் வழங்குகிறார்கள். கடைசியில் நின்றவனும் ஒரு தாளுடன் வீடு திரும்புகிறான். எழுதுவதற்காகவேனும் நடுவர் அந்த நாயை உற்றுப் பார்த்தாக வேண்டும். பரிசுக்கு எவரும் உரிமை கொண்டாட முடியாது; பார்க்கப்படுவதற்கும் காரணம் அறிவதற்கும் புதியவனுக்கு உரிமை உண்டு என்பேன்.

நம் பள்ளிப் போட்டிகளில் நடுவரை நீதிபதி என்றே அழைக்கிறோம். நீதிமன்ற நீதிபதி தீர்ப்புக்குக் காரணம் எழுதுகிறார். நம்மவரில் பலர் எண்ணை மட்டும் எழுதுகின்றனர். தோட்டப் பள்ளியிலிருந்து முதன்முறையாக மாவட்டப் போட்டிக்கு வந்த சிறுவன், பங்கேற்புச் சான்றிதழைச் சுருட்டிப் பிடித்தபடி, 'எதில் குறைந்தேன், ஐயா?' என்று தன் ஆசிரியரைக் கேட்கிறான். உச்சரிப்பா, கருத்தா, குரலா? அவருக்கும் தெரியாது. மதிப்பெண் தாள் ஏற்பாட்டாளரின் கோப்பில் இருக்கிறது. அச்சிறுவனுக்கென அதன் அடியில் நான்கு வரி எழுதிக் கையில் கொடுக்க ஐந்து நிமிடம் ஆகும்.