கடைசி ஷாக்

ஐ.சி.டி. என்று ஒரு கருவி. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. காரை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் வைத்துத் தைத்துவிடுவார்கள். அதிலிருந்து ஒரு வயர் ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் போகும். பலவீனமான இதயம் திடீரென்று தாளம் தப்பிப் படபடத்தால், சில நொடிகளில் கண்டுபிடித்து ஷாக் அடித்துச் சரிசெய்யும். நெஞ்சில் குதிரை உதைத்த மாதிரி இருக்கும் என்கிறார்கள், வாங்கியவர்கள். இருக்கட்டுமே, உயிர் மிச்சம்!

இதைக் கண்டுபிடித்தவர் மிஷெல் மிரோவ்ஸ்கி. வார்சாவில் பிறந்து, நாஜிகளிடமிருந்து தப்பி ஓடியவர். 1966-ல் இஸ்ரேலில் அவருடைய குரு ஹாரி ஹெல்லர் இதயத் தாளம் தப்பி இறந்துபோனார். ஷாக் மெஷின் அப்போது ஆஸ்பத்திரியில்தான் உண்டு. ஆயுசு முழுக்க ஒரு மனுஷன் அதன் பக்கத்திலேயே படுத்திருக்க முடியுமா? மெஷினை ஆளுக்குள் வைத்துவிட்டால் என்ன என்று யோசித்தார் மிரோவ்ஸ்கி. பேர்பெற்ற இதய நிபுணர்களே வேண்டாத வேலை என்று எழுதினார்கள். மனுஷர் விடவில்லை. 1980 பிப்ரவரியில், பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதல் நோயாளிக்குப் பொருத்தியாயிற்று.

சிக்கல் எங்கே வருகிறது? அந்தக் காவல்காரனுக்கு எது விபத்து, எது முடிவு என்று தெரியாது. எண்பது தாண்டிய ஒருவர் புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் இருக்கிறார் என்று வையுங்கள். சிறுநீரகம் கைவிட்டுவிட்டது. குடும்பம் சுற்றி நிற்கிறது. இதயம் கடைசியாகத் தடுமாறுகிறது. உள்ளே இருப்பவன் விழித்துக்கொள்கிறான். ஒரு ஷாக். இன்னொன்று. உடம்பு தூக்கிப் போடுகிறது. மகள் அலறுகிறாள்.

ஷாக்கை நிறுத்துவது சுலபம். வெளியே இருந்தே, கத்தி இல்லாமல், ஒரு புரோகிராமரால் அணைத்துவிடலாம். அவசரத்துக்கு, நெஞ்சின் மேல் வளையக் காந்தம் ஒன்றை வைத்தால், எடுக்கும்வரை பெரும்பாலான கருவிகள் ஷாக் அடிக்காது. கை வர வேண்டுமே! 'அப்பாவை நானே ஸ்விட்ச் ஆஃப் பண்றதா?' என்று எந்தப் பிள்ளையும் நடுங்குவான்.

நடுங்க வேண்டியதில்லை என்பது என் கட்சி. அணைத்த நிமிஷத்தில் அவர் இறப்பதில்லை. இதயத் துடிப்பைத் தாங்கும் பேஸ்மேக்கர் வேலையை வைத்துக்கொண்டு ஷாக்கை மட்டும் நிறுத்த முடியும். கொண்டுபோவது நோய்தான். நோயாளி கேட்டால் நிறுத்தலாம், அது கொலையில் சேராது என்று அமெரிக்க இதயத் தாள மருத்துவர்களின் சங்கம் 2010-லேயே எழுதிவைத்துவிட்டது. நம் உச்ச நீதிமன்றமும் 2018-ல் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை ஒப்புக்கொண்டு, 2023-ல் அதன் நடைமுறையை எளிதாக்கியது.

ஆனால் எல்.வி.ஏ.டி. என்று ஒரு பம்ப் இருக்கிறது. செயலிழந்த இதயத்தின் வேலையை அதுதான் பெரும்பாலும் செய்கிறது. நாடி பார்த்தால் பலருக்குத் துடிப்பே தெரியாது! அதை நிறுத்தினால் பலர் நிமிஷங்களில் போய்விடுவார்கள். இங்கே என் வாதம் கொஞ்சம் நொண்டுகிறது. சட்டம் இரண்டையும் ஒரே தட்டில் வைக்கலாம். ஸ்விட்சைத் தொடும் நர்ஸின் விரல் வைக்காது. இருந்தும் நோயாளி சுயநினைவோடு 'போதும்' என்றால், பம்ப் ஓடியே தீரவேண்டும் என்று சொல்ல நான் யார்?

நான் படித்தது பி.காம். எந்த ஒப்பந்தத்திலும் விலகுவது எப்படி என்ற ஷரத்தை முதலில் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார்கள். இங்கே பொருத்துகிற அன்று யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. அபசகுனமாம்! ஐ.சி.டி.யின் பாட்டரி சுமார் ஏழிலிருந்து பத்து வருஷம் வரும். தீர்ந்தால் கருவியையே மாற்ற வேண்டும். அன்று முதல் கேள்வியை டாக்டரிடம் கேட்பதற்கு முன்னால் அப்பாவிடம் கேட்கலாம். வேண்டுமானால், ஷாக் இல்லாத வெறும் பேஸ்மேக்கராக மாற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது.