காப்பவர் காலணி

உயிர்களைக் காக்கச் செல்பவரே அவற்றுக்குக் கேடு சுமந்து செல்வாராயின், அதனை என்னென்பது? தவளைத் தோலைப் பற்றும் கைட்ரிட் பூஞ்சையால் 90 இனங்கள் அற்றொழிந்திருக்கலாம் என 2019-இல் கணக்கிட்டனர். ஆய்வாளரின் ஈரக் காலணியும் அதனைக் குளத்துக்குக் குளம் சேர்க்கக்கூடும். ஆகவே அவர்கள் தவளைதோறும் புதுக் கையுறை அணிகின்றனர். காலணியைக் கிருமிநாசினியால் கழுவி உலர்த்துகின்றனர்.

கழுவுங்கால் எண்ணிறந்த நுண்ணுயிர்கள் மடியுமே என நம் அன்பர்கள் வினவுவர். மடியும்தான். ஆயினும் கழுவாது நடத்தலை அகிம்சை என நாம் ஒப்போம், அது சோர்வு. நிலம் நோக்கி அடிவைக்கும் முனிவரின் விழிப்பே ஈண்டு வேண்டுவது.

அடையாளத்திற்கென விரல் தறிக்கும் வழக்கமோ வேறு. முதல் விரலுக்குப்பின் தறிக்கும் ஒவ்வொன்றுக்கும், அத்தவளை மீண்டும் காணப்படும் வாய்ப்பு 4 முதல் 11 விழுக்காடு குறைவதாக 2004-இல் மெக்கார்த்தியும் பாரிசும் காட்டினர். பல இனங்களைத் தோற்புள்ளிகளைப் படமெடுத்தே பிரித்தறியலாம். அவற்றின் விரலைத் தறிக்க நமக்கு நியாயம் புலப்படவில்லை.