நந்தவனமும் நத்தையும்

சிவபூசைக்கென வளர்த்த செடியை நத்தை தின்னுமாயின், அந்நத்தையைக் கொல்லலாமோ? மயிலாப்பூரில் தம் இல்லத்துக் கொல்லையிலே பூச்செடிகள் சில வைத்து, நாய்க்குட்டி ஒன்றும் வளர்த்துவரும் அன்பரொருவர் சென்ற மழைக்காலத்தில் எம்மை வினாவிய வினா இது. சிறிதெனத் தோன்றினும், பூசை, கருணை, கொல்லாமை என்னும் மூன்றனையும் ஒருங்கே தொடுவதாகலின், இதனை ஈண்டு ஆராயப் புகுந்தாம்.

முதற்கண் வழக்கிற்குரிய உயிரை அறிதல் வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையிற் சென்னைத் தோட்டங்களிலே சுவரேறியும் செடியேறியும் திரியும் பெருநத்தை இந்நாட்டிற்கு உரியதன்று. கிழக்கு ஆப்பிரிக்கா அதன் பிறப்பிடம். 1847-ஆம் ஆண்டிற் பென்சன் என்பார் மொரீசுத் தீவினின்று கல்கத்தாவிற்குக் கொணர்ந்தவை ஆண்டு ஒரு தோட்டத்தில் விடப்பட்டன. அதன்பின் அவ்வினம் நாட்டிற் பரவலாயிற்று. ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணுமாய் இருப்பது. ஒருமுறையில் 200 வரை முட்டையிடவல்லது. வறண்ட காலத்தில் ஓட்டின் வாயை அடைத்துக்கொண்டு பல திங்கள் ஒடுங்கிக் கிடப்பது. எலியின் வழியாக அதன்பாற் சேரும் புழுவொன்று மக்களுடலிற் புகின் மூளையைச் சூழ்ந்த சவ்வில் அழற்சி விளைத்தலும் உண்டு.

எனினும் அதுவும் ஓர் உயிரே. ஆசிரியர் தொல்காப்பியனார் மரபியலில் நத்தையை ஈரறிவுயிர்களுள் வைத்து எண்ணினார். ஊற்றுணர்வும் சுவையுணர்வும் அதற்கு உண்டு என்பது கருத்து. இவ்வறிவின் ஏற்றத்தாழ்வு உடம்பாகிய கருவியின் குறைநிறைவால் வந்ததேயன்றி உயிரின் இயல்பால் வந்ததன்று என்பது சித்தாந்தத் துணிபு. ஆணவ இருளில் அழுந்திய உயிர்க்கு இறைவன் மாயையினின்று கூட்டிய உடம்பு கைவிளக்குப் போல்வது. நத்தையின் உடம்பும் அத்தகையதொரு சிறு விளக்கே. அதனை அவிக்குமுன் இருமுறை எண்ணுதல் நம் கடன்.

இனி, ஒருசாரார், “மெட்டால்டிஹைடு உருண்டைகளைத் தூவுக; ஓரிரவில் தொல்லை தீரும்” என்பர். தவிடு முதலிய இரைப்பொருளொடு கலந்து செய்யப்படுவதாகலின் அதனை நாயும் உண்ணும். உண்ட நாய் நடுங்கி, வலிப்புற்று, உடல் கொதித்து இறத்தலும் உண்டு. பறவைகட்கும் பிற விலங்குகட்கும் விளையும் கேடு கருதிப் பெரிய பிரித்தானியாவில் 2022-ஆம் ஆண்டு முதல் வெளியிடங்களில் அதன் பயன்பாடு விலக்கப்பட்டது. யாமே முன்னொருகால் அவ்வுருண்டைகளை அறியாது தூவி, மறுநாட் காலை அவ்விடத்திற் செம்போத்தொன்று நத்தையை ஓடுடைத்து உண்ணக் கண்டேம். நமக்குத் துணைசெய்ய வந்த பறவைக்கு நஞ்சூட்டினேமே என்று நெஞ்சு பதைத்து, அதனை விரட்டிவிட்டு, ஒருபகல் முழுதும் குனிந்து அவற்றைப் பொறுக்கினேம். மண்ணில் மறைந்தவை எத்துணையோ, அறியேம். இரும்புப் பாசுபேட்டு உருண்டை அதனினும் தீங்கு குறைந்ததேயாயினும் அதனையும் வளர்ப்புயிர்கள் அணுகாவாறு காத்தல் வேண்டும். உப்பிடுவாரும் உளர். உப்பு நத்தையின் உடல்நீரை உறிஞ்சிச் சிறிது சிறிதாகக் கொல்லும், மண்ணையும் கெடுக்கும்.

விரைவும் சினமும் தரும் பயன் யாதென்பதற்குச் சான்று வேண்டின், தீவுகளை நோக்குக. இப்பெருநத்தையை ஒழிப்பதற்கென்றே ஊனுண்ணும் வேற்று நத்தையொன்றை 1955-இல் ஹவாயிலும் 1970-களில் தாகித்தி முதலிய தீவுகளிலும் கொணர்ந்து விட்டனர். அஃது அத்தீவுகட்கே உரிய சிறு நத்தையினங்கள் பலவற்றை அழித்தது, பெருநத்தையோ ஒழிந்திலது.

அங்ஙனமாயின் ஒன்றும் செய்யாதிருத்தலே கொல்லாமை ஆகாதோ எனின், ஆகாது. என்னை? மக்கள் கொணர்ந்த கேட்டை மக்களே காவாது விடுதல் கருணையன்று, மடியாம். ஆகலின் முன்னரே காத்தல் தலையாய அறம். நீரை மாலையில் விடாது காலையில் விடுக. செடியருகிற் கிடக்கும் ஓடு, செங்கல், சருகு ஆகியவற்றை அகற்றுக. விலைக்கு வாங்கும் தொட்டிச்செடியின் மண்ணில் முட்டையுண்டோ என நோக்குக. தேரையையும் செம்போத்தையும் துரத்தற்க. மாலையில் நனைந்த கோணியின்கீழ்ப் பப்பாளி இலையை இட்டுவைத்து, வைகறையில் அதனடியில் ஒதுங்கிய நத்தைகளைக் கையுறையிட்ட கையால் எடுக்க.

எடுத்தவற்றை என்செய்வது? ஈண்டே வினாவின் முள் உளது. அவற்றை அயலார் கொல்லையிலோ அடையாற்றங்கரையிலோ விடுதல் கேட்டை இடம்பெயர்த்தலேயாம், அருளன்று. அடுப்பும் அம்மியும் உலக்கையும் துடைப்பமும் நீர்க்குடமும் இல்லறத்தார்க்கு நீக்கவொண்ணாக் கொலைக்களங்கள் என நூலோர் கூறி, அவற்றிற்குக் கழுவாயும் வகுத்தனர், அக்கொலைகளை அறமென்றாரல்லர். அதுபோல ஈண்டும் சில உயிர்களின் உடம்பு நீங்குதல் தவிர்க்கவொண்ணாதாயின், துன்பம் நீளாதவாறு நொடியில் முடித்து, அதனைப் பூசையின் பகுதியென்று பெருமை பேசாது, குறையென்றே உணர்தல் வேண்டும்.

அகப்பூசைக்குரிய எண்மலருள் முதன்மலர் கொல்லாமை. புறமலரைக் காக்கப்போய் அகமலரைக் கசக்குவார்க்குப் பூசை யாண்டையது? ஆகலின் அவ்வன்பர்க்கு யாம் கூறிய விடை இது: “கொல்லலாம் எனக் கூற யாம் துணியேம். நாடோறும் விழித்திருந்து காத்து, கொல்ல நேர்வதை ஆண்டுதோறும் குறைத்துக்கொள்க. நத்தை கடித்த இதழொன்று எஞ்சுமாயின் அதனைக் கண்டு வெகுளற்க. நாய்க்குட்டி அச்சமின்றி ஓடியாடும் கொல்லையிற் பூத்த நான்கு பூவே போதும்.”